தீர்ப்பில் சொன்ன பெயர்

நீங்கள் அன்று அந்த மண்டபத்தில் இல்லை. ஆனாலும் உங்களையே சாட்சியாக அழைக்கிறேன். அங்கே இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்; கைதட்டியவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. பெருங்கொடை திரட்டும் இந்தப் பணிக்கு இப்போதுதான் வந்திருக்கும் நீங்கள் இன்னும் யாருக்காகவும் கைதட்டவில்லை. ஆகவே கேளுங்கள். கேட்டு முடித்தபின், நான் செய்தது பிழையா குற்றமா என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பணியிலிருந்து விலகியாகிவிட்டது; எந்தத் தீர்ப்பும் இனி என் சம்பளத்தைக் குறைக்காது.

கல்லூரி நாள்களிலேயே நான் மேடைக்குப் பழகியவன். எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் பேசுவேன், வெல்வேன். கோப்பைகளை அடுக்க வீட்டில் இடம் போதாமல் அம்மா சிலவற்றில் புளி போட்டு வைத்திருந்தார். அந்தச் செருக்கு குறையாமல்தான் கொச்சியில் இயங்கிய ஒரு சிறிய யூதப் பண்பாட்டு அறக்கட்டளையில் கொடை திரட்டும் அலுவலராகச் சேர்ந்தேன். பழைய தொழுகைக்கூடங்களைக் காப்பது, பெண்கள் பாடிய பாட்டு நோட்டுகளைச் சேகரிப்பது, அவற்றை ஊராருக்குத் திறந்து வைப்பது அதன் வேலை. யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை இஸ்ரேலுக்குப் போய்விட்டன. மிஞ்சியவர்கள் சிலர். ஆனால் அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தவர்களும், அவர்கள் கடையில் வேலை பார்த்தவர்களும் வளைகுடா முழுவதும் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தேடிப் போவதற்குத்தான் என்னை எடுத்தார்கள்.

அந்த நாடுகளில் அனுமதியில்லாமல் பொது இடத்தில் நன்கொடை கேட்பது சட்டப்படி குற்றம். எங்கள் அறக்கட்டளையின் பெயரில் இருந்த முதல் சொல்லை அங்கே உரக்கச் சொல்வதும் எளிதல்ல. ஆகவே எங்கள் வேலை முழுவதும் வரவேற்பறைகளில் நடந்தது. துபாயில் ஒருவர், தோஹாவில் ஒருவர், மனாமாவில் ஒருவர் என்று தனித்தனியாகச் சந்திப்போம். தேநீர் குடிப்போம். கொடை அவர்களுடைய இந்திய வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கொச்சிக்குப் போகும். மூன்றாம் மனிதருக்குத் தெரியாது. மேடையில் வளர்ந்த எனக்கு இந்த மெல்லிய குரல் வேலை ஒரு தண்டனையாகவே இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஜெபராஜ் என்பவரை ஒரு டிசம்பர் இறுதியில் மனாமாவின் குதைபியாப் பகுதியில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அவர் வீட்டில் சந்தித்தேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கப்பல் பட்டறையில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசும் ஒப்பந்தம் எடுத்திருந்தார். நாற்பது தொழிலாளிகள் அவரிடம் இருந்தார்கள். இருபத்திரண்டு வயதில் கேரளத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றில் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தபோது, யூதத் தொழுகைக்கூடத்துக்குப் பின்புறம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர். அந்தத் தொழுகைக்கூடத்தின் கூரைதான் இப்போது விழக் காத்திருந்தது. வரும் மழைக்காலத்துக்குள் உத்திரங்களை மாற்றி ஓடு வேயாவிட்டால் கூரையும் போகும், அதன் கீழே பெண்கள் அமரும் மேல்மாடத்தின் வர்ணம் தீட்டிய மர விதானமும் போகும். 

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். நாகரிகங்களின் சங்கமம் என்ற இடத்துக்கு வருவதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

“நிறுத்து மக்கா. அந்த விதானத்துல எத்தனை தாமரை உண்டுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“எனக்குத் தெரியும். சனியாழ்ச்ச அவிய தீ தொடமாட்டாவ, வெளக்கு பத்த வைக்கமாட்டாவ. நம்மள்ட்ட ‘பத்த வை’ன்னு சொல்லவும் மாட்டாவ, அதும் கூடாது. எனக்கு அறை தந்த யூத வீட்டம்மா கூடத்து வாசல்ல வந்து நின்னு, ‘என்ன இருட்டு’ன்னு ஆகாசத்தப் பாத்து சொல்லும். நான் போய் பத்த வச்சிட்டு, மேல மாடத்துல கொஞ்ச நேரம் மல்லாந்து கெடப்பேன். அவிய கேக்கல்ல, நான் சொல்லல்ல. வெளக்கு மட்டும் எரியும், கேட்டியா.”

பிறகு அவர் மனைவி கொண்டுவந்த தேநீரை எனக்கு ஊற்றினார். கூரை முழுவதையும் தானே ஏற்பதாகச் சொன்னார். பாதியை அந்த மாதமே அனுப்புவார், மீதியைப் பொங்கலுக்குப் பிறகு. என் பணிக்காலத்தில் ஒருவர் வாயிலிருந்து அதுவரை அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

“ஒரு காரியம்” என்றார். “எனக்க பேரு எங்கயும் வரப்பிடாது. கல்லுல வேண்டாம், பேப்பர்ல வேண்டாம், ஒருத்தன் காதுலயும் விழப்பிடாது.”

ஏன் என்று கேட்டேன். இப்போதுதான் விளக்குக் கதை சொன்னேனே என்றார். அது காரணமாகாது என்றேன். உங்கள் பெயரைக் கேட்டு இன்னும் நான்கு பேர் முன்வருவார்கள் என்று வாதிட்டேன்; கஃபீலுக்கு, அதாவது அவருடைய அரபு உரிமதாரருக்கு, அஞ்சுகிறீர்களா என்றுகூட மெல்லச் சீண்டினேன். அரைமணி நேரம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“பட்டிமன்றத்துல நீ எந்தக் கட்சி?”

“எந்தக் கட்சி கொடுத்தாலும் ஜெயிப்பேன்.”

“அப்போ உனக்குன்னு சொந்தமா ஒண்ணும் கெடையாது, என்ன?”

அதை வெறும் கேலி என்று எடுத்துக்கொண்டு, சம்மதித்து, கைகுலுக்கி விடைபெற்றேன்.

பொங்கல் விழா வந்தது. மனாமாவில் தமிழர்கள் ஒரு மண்டபத்தை எடுத்துக் கொண்டாடினார்கள். மீதிக் கொடையை உறுதி செய்ய அந்த வாரம் நான் அங்கே இருப்பதை அறிந்து, வெள்ளிக்கிழமை காலைப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். அயல்நாட்டு வாழ்வில் மனிதனிடம் இறுதியில் மிஞ்சுவது பணமா பாசமா என்பது தலைப்பு. விடுமுறை நாள் என்பதால் நிறுவனங்களின் பேருந்துகளில் தொழிலாளிகளும் வந்திருந்தார்கள். ஜெபராஜ் மூன்றாம் வரிசையில் மனைவியோடு அமர்ந்திருந்தார். அவருடைய ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

இரு அணியும் நன்றாகப் பேசின. பாசத்தின் பக்கம் தீர்ப்பளிப்பதென்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். ஊரைவிட்டு வந்தவர்கள் கூடியிருக்கும் மண்டபத்தில் வேறு தீர்ப்பு எடுபடாது. ஆனால் தீர்ப்பு என்பது ஏறிக்கொண்டே போக வேண்டும். உச்சியில் ஒரு சான்று நிற்க வேண்டும். பெற்றோருக்குப் பணம் அனுப்பும் பிள்ளை, மனைவியின் குரலுக்காகத் தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்கும் கணவன், இவையெல்லாம் இரு அணிகளும் முன்பே பயன்படுத்தித் தீர்த்தவை. என் நாக்கு மேலே ஏறிவிட்டது. நிற்பதற்கு அங்கே படி இல்லை. அப்போது மூன்றாம் வரிசை கண்ணில் பட்டது.

நண்பர்களே, மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: அந்த நொடியில் நாம் யோசிப்பதில்லை. பொருத்தமான சொல் வரும், வந்ததும் வாய் அதை எடுத்துக்கொள்ளும். “பணம் மிஞ்சியவன் தன் வீட்டுக்குக் கூரை போடுவான்! பாசம் மிஞ்சியவன், தன் மதமில்லாத, தன் இனமில்லாத, கடல்கடந்து போய்விட்ட யூத அண்டை வீட்டுக்காரனின் கோயிலுக்குக் கூரை போடுவான்! முழுக் கூரையும் போடுவான்! அந்த மனிதர் இதோ இந்த அவையில் இருக்கிறார்!” என்றேன். பெயரையும் சொன்னேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. விழாத் தலைவர் மட்டும் வெளிறிப்போய், “சார், டொனேஷன் விஷயமெல்லாம் மைக்ல வேணாம் சார், பர்மிஷன் இல்ல” என்று என் பின்னால் ஓடிவந்தார். ஜெபராஜ் எழுந்திருக்கவில்லை. பொன்னாடையை அவர் தோளில் போட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிலர் மட்டும் கைதட்டாமல் நின்றார்கள். நான் அவர்களைக் கவனித்தேன். பேச்சு புரியாத வடநாட்டுக்காரர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் என் விடுதி அறையின் தொலைபேசி அடித்தது. ஜெபராஜின் மேற்பார்வையாளர் பேசினார். தொழிலாளர் கேம்பில் ஆட்கள் டூட்டி பஸ்ஸில் ஏற மறுக்கிறார்கள், உடனே வாருங்கள், காரை அனுப்பியிருக்கிறேன் என்றார். வழியில் ஓட்டுநரிடமிருந்துதான் முழு விவரத்தையும் அறிந்தேன். பட்டறை நிர்வாகம் ஜெபராஜுக்குத் தர வேண்டிய தொகையைப் பல மாதங்களாகத் தரவில்லை. இரண்டு ஆண்டு முடிந்து ஊருக்குப் போக வேண்டிய பன்னிரண்டு பேரிடம், இப்போது டிக்கெட் எடுக்க வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று டிசம்பரில் அவர் கைகூப்பிக் கேட்டிருந்தார். அவர்களும் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் கைதட்டாமல் நின்றவர்கள் அந்தப் பன்னிரண்டு பேர்.

அந்த நாட்டில் வேலைக்குப் போகாமல் நிற்பது விளையாட்டல்ல. ஏழு மணிக்குள் பஸ் பட்டறைக்குப் போகாவிட்டால் ஒப்பந்தம் முறியும். முறிந்தால் நாற்பது பேரின் விசாவும் முடியும். பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கூடத்தில் அனைவரும் பூட்ஸ் போட்டுத் தயாராகவே நின்றார்கள். ஜெபராஜ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“சார், ஒரே வார்த்தை. மேடைக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அப்படி ஒண்ணும் அவர் கொடுக்கலைன்னு சொல்லிடுங்க. ஏறிடுவாங்க. உங்க கூரையும் தப்பிக்கும்.”

அவர் சொன்னது நடந்திருக்கும். அந்த வாக்கியத்தை என்னைவிட நம்பும்படி அந்தத் தீவில் யாரும் சொல்லியிருக்க முடியாது. உள்ளே நுழைந்தேன். முன்னால் நின்றவர் இராமநாதபுரத்து முத்துக்கருப்பன். பன்னிரண்டு பேரில் மூத்தவர். அவர் ஊரை விட்டு வந்தபின் பிறந்த மகளை இன்னும் பார்க்காதவர்.

“வாங்கண்ணே” என்றார். “நேத்து நல்லாத்தான் பேசுனீக. எங்க மொதலாளிக்கு இம்புட்டு பாசம் இருக்குன்னு நாங்களே நீக சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.”

யாரோ பின்னாலிருந்து, “பாசத்துக்கு டிக்கெட்டு குடுப்பாகளான்னு கேளு மாமா” என்றார். சிரிப்பு எழுந்தது.

நான் கையை உயர்த்தி, “தோழர்களே” என்று தொடங்கினேன்.

“அண்ணே, அண்ணே” என்று முத்துக்கருப்பன் தடுத்தார். “பேச்சு வேணாம். நேத்து மேடையில சொன்னது பொய்யா, இப்ப சொல்லப்போறது பொய்யா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

இரண்டு பக்கமும் பேசி வெல்லத் தெரிந்தவனிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. மேற்பார்வையாளர் என் முதுகுக்குப் பின்னால் இருமினார். மர விதானம் நினைவுக்கு வந்தது. ஏழு மணி நினைவுக்கு வந்தது. நான் பொய் சொன்னால் அதை உடைக்கவோ ஏற்கவோ ஜெபராஜ் தள்ளப்படுவார் என்பதும் நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே அவர் அனுமதியில்லாமல் ஓர் உண்மையை அவர் தோளில் போர்த்திவிட்டேன். அதன் மேல் ஒரு பொய்யையும் போர்த்த எனக்குக் கை வரவில்லை.

“மேடையில் சொன்னது உண்மை” என்றேன். “சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டார். நான்தான் சொன்னேன்.”

ஜெபராஜ் எழுந்தார்.

“ஆமா, குடுத்தேன்” என்றார். “ஊர்ல எனக்க தென்னந்தோப்ப வித்த காசு. பாதி போயாச்சு, பாதி இருக்கு. தோப்புக் காசு வேற, கம்பெனிக் காசு வேறன்னு உங்கள்ட்ட நான் கணக்கு பேசலாம். பேசமாட்டேன். ஊருக்குப் போகாம நிக்கிறவன்ட்ட போய் அத எந்த வாயால சொல்லுகது? இருக்கிற பாதிய எடுத்து டிக்கெட்டு போடுகேன். இந்த வாரமே. பன்னிரண்டு பேரும் போயிட்டு வாங்க. இப்போ பஸ்ஸுல ஏறுங்கலேய், மிச்ச பேரு சோறு திங்க வேண்டாமா?”

முத்துக்கருப்பன், “யல்லா, கெளம்புங்க” என்று மற்றவர்களுக்குக் கையைக் காட்டினார். போகும்போது ஜெபராஜின் முன்னால் நின்று, “முன்னமே சொல்லியிருந்தா நாங்களும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோம் மொதலாளி” என்றார். “சொல்லியிருப்பிய” என்றார் ஜெபராஜ். “ஆமா, சொல்லியிருப்போம்” என்று ஒப்புக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

நான் அங்கேயே நின்று கொச்சிக்கு அழைத்தேன். எங்கள் செயலாளர் அம்மையார் அந்த ஆற்றங்கரை ஊரில் மிஞ்சியிருந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மேல்மாடத்தில் தாயின் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவர். அன்று சனிக்கிழமை; ஆனால் தொலைபேசிக்கு அவர் அந்தக் கட்டுப்பாட்டைப் பார்ப்பதில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கூரையில் பாதி போய்விட்டது என்றேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

“ஆளுங்க வீட்டுக்குப் போகாம நமக்குக் கூரை வேண்டா மோனே. அனுப்பின பாதியும் வேணுமான்னு அவரக் கேளு. வேணும்னா இன்னிக்கே திருப்பி அனுப்பலாம்.”

ஜெபராஜிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். என்னைத் தம் காரிலேயே விடுதிக்கு அழைத்துப் போனார். வழியில் கஃபீலிடமிருந்து அழைப்பு வந்தது. செய்தி அங்கேயும் போயிருந்தது. ஜெபராஜ் உடைந்த அரபியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்தார்.

“என்ன சொன்னார்?”

“அவருக்க வாப்பாவுக்கு சூக்குச் சந்தையில துணி வித்தது ஒரு யூதக் குடும்பமாம். நல்ல துணியாம். கலாஸ், அம்புட்டுத்தான்.”

நான் இதற்கு அஞ்சித்தான் அவர் பெயரை மறைத்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது கேட்டேன்: “அந்தப் பன்னிரண்டு பேரை நினைத்துத்தான் சொல்ல வேண்டாம் என்றீர்களா?”

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “அதும் உண்டு. வெளக்குக் கதையும் நெசந்தான். ஆனா உங்கிட்ட சொல்ல முடிஞ்ச காரணத்தச் சொன்னேன். சொல்ல முடியாதத எப்பிடி சொல்லுகது? ஆளுக டிக்கெட்டுக்கு நிக்கிறான், நான் ஓடு வாங்குகேன்னா? அது எனக்கே வெக்கமா இருந்துது மக்கா. ஆனாலும் குடுக்காம இருக்க முடியல்ல. ரெண்டும் எனக்குள்ள இருந்துது. நீ அத மைக்க வச்சு வெளிய எடுத்துட்ட.”

இந்தத் தொழிலில் நீங்கள் நிறைய கேள்விகள் கேட்கக் கற்றுக்கொள்வீர்கள். கொடுப்பவரின் குடும்பம், விருப்பம், நினைவு என எல்லாவற்றையும் கேட்டுப் பழகுவீர்கள். அது தேவைதான். ஆனால் கொடுப்பவர் தனக்குள்ளேயே ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருக்கலாம். அதில் உங்களை யாரும் நடுவராக நியமிக்கவில்லை. அவர் ஒரு வேண்டுகோள் வைத்தால் அது அந்த வழக்கை வெளியே விடாமல் அவர் போட்டிருக்கும் தாழ்ப்பாளாக இருக்கலாம். நான் அரைமணி நேரம் வாதாடியது அந்தத் தாழ்ப்பாளோடு. அப்போது திறக்கவில்லை, பின்னால் உடைத்தேன்.

பன்னிரண்டு பேரும் ஊர் போனார்கள். பதினொருவர் திரும்பி வந்தார்கள். முத்துக்கருப்பன் வரவில்லை, மகளோடு இருந்துவிட்டதாகக் கேள்வி. வந்த பாதிப் பணத்தில் தொழுகைக்கூடத்தின் கிழக்குப் பக்கக் கூரை புதிதாக ஏறியது. மேற்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டினோம். மீதிக்காக நான் துபாய்க்கும் தோஹாவுக்கும் ஐந்துமுறை பறந்தேன். மண்டபத்துச் செய்தி எனக்கு முன்பே அங்கெல்லாம் போயிருந்தது. ‘உங்களிடம் கொடுத்தால் மைக்கில் வருமாமே’ என்று ஒருவர் சிரித்தபடி தேநீரை மட்டும் கொடுத்தனுப்பினார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை.

ஜூலையில் மழை தார்ப்பாயைக் கிழித்தது. செயலாளர் அம்மையாரோடு போய்ப் பார்த்தேன். மேல்மாடத்தின் மேற்குப் பாதி விதானம் பெயர்ந்து கீழே கிடந்தது. தாமரைகளின் வர்ணம் ஊறிய பலகையிலிருந்து சிவப்புச் சேறாகத் தரையில் ஓடியிருந்தது. அம்மையார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக எடுத்துக் காய்ந்த பக்கம் அடுக்கினார். நானும் அடுக்கினேன். இறுதியில் எனக்குத் தாங்கவில்லை. ஏதோ சொன்னேன். புது ஓட்டின் மேல் மழை கொட்டிய ஓசையில் அவருக்குக் கேட்கவில்லை.

“எந்தா? கேக்கல மோனே. உரக்கச் சொல்லு.”

மேடைகளில் எத்தனையோ முறை குரலை உயர்த்தியிருக்கிறேன். கேட்பதற்கு ஒரே ஒருவர் இருந்த அந்த ஈரக் கூடத்தில், மழைக்கு மேலே கேட்கும்படி சொன்னேன்:

“இனி, கொடுப்பவர் ‘சொல்லாதே’ என்றால் சொல்லமாட்டேன். ஏன் என்றும் கேட்கமாட்டேன்.”